ஆறாவது மூட்டு

நனைந்த குடையை மடக்க மறந்து, அதைப் பிடித்தபடியே சுதர்ஷினி ஹட்டன் கடைவீதி மாடியில் இருந்த அறைக்குள் வந்தாள். பதினெட்டு ஆண்டுகளாகத் துப்பறியும் தொழிலில் இருக்கும் பிரேமினி, அவளை உட்காரச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

மஸ்கெலியாவுக்கு மேலே, மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மருத்துவ ஆய்வுக்கூடம் நடந்து வந்தது. சுதர்ஷினி அங்கே உதவியாளர். காலமெல்லாம் கொழுந்து பறித்துப் பெருவிரல் மூட்டுத் தேய்ந்துபோன ஆறு பெண்களுக்காக, கரியால் ஆறு செயற்கை மூட்டுகள் செய்திருந்தார்கள். கரி உடம்போடு ஒத்துப்போகும்; ஆனால் உரச உரசத் தேயும். அதனால் காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் வைத்து, அயனிக் கற்றையைப் பாய்ச்சி மேற்பரப்பை இறுக்குவார்கள். தேய்மானச் சோதனையில் ஐந்து மூட்டுகள் தேறின. ஆறாவதில் மட்டும் மிளகளவு பள்ளம் விழுந்திருந்தது.

"மூட்ட நான் மாத்தி வச்சிட்டேன்னு டக்ளஸ் சார் அறிக்கையில எழுதிட்டாருங்க. நாளைக்கு அது மேல போயிரும். அப்புறம் எந்த லேப்லயும் என்னச் சேக்க மாட்டாங்க."

"மாத்தினீங்களா?"

"இல்லைங்க."

பிரேமினியோடு வேலை செய்யும் லோஜன் அதற்குள் ஆட்டோச் சாவியை எடுத்திருந்தான். வழி நெடுக அவன் வழக்கை முடித்துக்கொண்டே வந்தான். முதலில் பொறியியலாளர் டக்ளஸ் கற்றையின் நேரத்தைக் குறைத்துவிட்டார்; பிறகு யாரோ மூட்டைத் திருடிப் போலியை வைத்துவிட்டார்கள்; அதன் பிறகு மின்சாரத் தடை.

"மஸ்கெலியா போறதுக்குள்ள மூணு பேரப் பிடிச்சிட்ட லோஜன். வளைவப் பாத்து ஓட்டு," என்றார் பிரேமினி.

டக்ளஸ் எதையும் மறைக்கவில்லை. வியாழன் மாலை சுதர்ஷினி ஆறு மூட்டுகளையும் பெட்டிக்குள் பொருத்திக் கதவைச் சாத்தினாள். கதவுக்குப் பூட்டு இல்லை. மறுபடி திறந்தால் தூசி போகும் என்று, வெள்ளி காலை அவர் அதைத் திறக்காமலே கற்றையை ஓடவிட்டார். வேலை முடிந்ததும் சுதர்ஷினி ஒவ்வொரு மூட்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் கழுவினாள்.

கழுவிய தண்ணீர் எப்படி இருந்தது என்று பிரேமினி கேட்டார். ஆறாவது குவளையில் மட்டும் கறுப்பாகக் கொஞ்சம் வண்டல் தங்கியதாகவும், மழையால் குழாய்த் தண்ணீர் கலங்கி வந்திருக்கும் என்று நினைத்ததாகவும் சுதர்ஷினி சொன்னாள். மற்ற ஐந்து குவளைகளும் தெளிவாக இருந்தனவாம். எல்லாம் ஒரே குழாயில் பிடித்த தண்ணீர்.

பிரேமினி மூட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பள்ளத்தின் விளிம்பு வட்டமாக இருந்தது. பிறகு அறையைச் சுற்றி வந்தார். பெட்டியின் கதவிலும் மின்பலகையிலும் சந்தனப் பொட்டுகள். பழையதன் மேல் புதியது. சுவரில் மூட்டுகளின் எண்களும், அவற்றைப் பொருத்தவிருக்கும் பெண்களின் பெயர்களும். ஆறாவது, வேலாயி.

டக்ளஸையும் சுதர்ஷினியையும், ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் அழகனையும் அவர் ஒன்றாக உட்கார வைத்தார்.

"மூட்ட மாத்தியிருந்தா, மாத்தின மூட்டு முழுசா மிருதுவா இருந்திருக்கும். நேரத்தக் கொறச்சிருந்தா ஆறும் கெட்டிருக்கும். இங்க ஒரு வட்டந்தான் மிருது. கற்றை பாயும்போது அந்த எடத்த ஏதோ மறைச்சிருக்கு. இறுகுறது ரொம்ப மெல்லிசான மேல்தோலு மட்டுந்தான்னு டக்ளஸ் சாரே சொன்னாரு. ஒரு சொட்டுச் சந்தனக் கொழம்பு இருந்தாலும் கற்றை அதத் தாண்டாது. கொழம்பு கருகும். கறுப்பு மூட்டுல கறுப்புப் பொட்டு யாரு கண்ணுக்கும் தெரியாது. கழுவினா வண்டலாப் போயிரும்."

பிரேமினி அழகன் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழம மெஷினுக்குப் பொட்டு வைக்கிறது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க. விடியக்கால வந்து தொடைச்சிட்டு வைப்பேன்."

"உங்க வீட்டுக்காரம்மா பேரு?"

அழகன் சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தார். "வேலாயிங்க," என்றார். பிறகு, கேட்காமலே சொன்னார். "கை நோவுல அவ தூங்குறதே இல்ல. அவளுக்குப் போடப்போற மூட்டாச்சேன்னு பெட்டிக் கதவத் தொறந்து தீக்குச்சி நுனியால ஒரே ஒரு பொட்டு வச்சேன். நல்லா இருக்கணும்னுதாங்க வச்சேன்."

லோஜன் தலையைக் குனிந்துகொண்டான்.

டக்ளஸ் தன் அறிக்கையை எடுத்துச் சுதர்ஷினியின் பெயரை அடித்தார். அதன் மேலே பேனா நின்றது.

"அழகன் அண்ணன் பேரையும் எழுத வேணாம் சார்," என்றாள் சுதர்ஷினி. "அவருக்கு யாரும் சொல்லித் தரல. ஓட்டுறதுக்கு முன்ன கதவத் தொறந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். நாம பாக்கல."

டக்ளஸ் அந்த இடத்தில் தன் பெயரை எழுதினார்.

புதன்கிழமை, பள்ளம் மறைய மெருகேற்றிய ஆறாவது மூட்டைச் சுதர்ஷினி மறுபடி பெட்டிக்குள் பொருத்தினாள். கதவைச் சாத்துமுன் அழகனைக் கூப்பிட்டு, அதுதான் வேலாயியின் மூட்டு என்று காட்டினாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார்.