ஜெபக்குறிப்பில் அமலாவின் பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. குளியலறையில் மாமனாரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த அமலா, அங்கிருந்தே கணவனிடம் கேட்டாள்.

"என்னங்க, இன்னைக்கு நானும் வரட்டுமா?"

கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஞானசீலன் நிமிரவில்லை. அன்று சபையில் அவருக்குப் பாராட்டு. இருபது வருட ஊழியம். வாராவாரம் ஆராதனை முடிந்ததும், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளுக்குப் போய் ஜெபிப்பார். மருத்துவமனைகளில் முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்வார். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் அவரை அறியாத தமிழ்க் கிறிஸ்தவர்கள் குறைவு.

"நீ வந்தா அப்பாவை யாரு பாக்கறது?"

"வீல்சேர்ல கூட்டிட்டுப் போலாம். டாக்சி சொன்னா வரும்."

"அங்க வந்து அவர் சத்தம் போட்டாருன்னா... டையப்பர் நனைஞ்சா? பாஸ்டர் முன்னாடி எனக்குச் சங்கடம், அமலா. வீட்லயே ஜெபம் பண்ணு. கர்த்தர் கேப்பாரு."

மூன்று வருடங்களாக இதே பதில்தான். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போனபோது, பணிப்பெண் வைக்கலாம் என்றாள் மகள் வர்ஷா. இப்போது அவள் ஆஸ்திரேலியாவில் படிக்கிறாள். "பெத்த அப்பாவை வெளியாள் தொடறதா?" என்று ஞானசீலன் மறுத்துவிட்டார். ஆனால் அவரும் தொடவில்லை. அமலா பாலர் பள்ளி வேலையை விட்டாள். முதல் நாள் குளிப்பாட்டியபோது பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதார். அவளும் அழுதுகொண்டேதான் சோப்புப் போட்டாள். போகப்போக இருவருக்கும் பழகிவிட்டது. அவருக்குத் துணி மாற்றும்போதே பைபிளிலிருந்து சங்கீதம் சொல்வாள். ஜெபத்துக்கென்று வேறு நேரம் அவளுக்குக் கிடைப்பதில்லை.

ஞானசீலன் கிளம்பிப் போனார்.

மதியம் ஒரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி சுதா. கையில் பிரியாணிப் பொட்டலம்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். ஃபங்ஷன் சாப்பாடு. பிரதர் அப்படியே டார்மிட்டரிக்கு ஜெபிக்கப் போயிட்டாரு, அதான் நான் கொண்டு வந்தேன். உங்ககிட்ட மனசு விட்டுப் பேசணும்னும் ரொம்ப நாளா ஆசை."

உட்கார்ந்ததும் சுதா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு வருஷமா உங்க பேரு எங்க ஜெபக்குறிப்புல இருக்கு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்களுக்காக முழங்கால்ல நிக்கிறோம். ஏன் சிஸ்டர் ஆண்டவரை விட்டுத் தூரமாப் போயிட்டீங்க?"

"யாரு... நானா?"

"இன்னைக்குக்கூட பிரதர் மேடையில அழுதாரு. 'என் வீட்டுக்காரி பின்மாற்றத்துல இருக்கா, கூப்பிட்டா வரமாட்டேங்கறா, இந்தச் சிலுவையைச் சுமந்துக்கிட்டுதான் ஊழியம் செய்யறேன்'னாரு. எல்லார் கண்லயும் தண்ணி."

அமலா தன் கைகளை உருவிக்கொண்டாள். அவள் வாய் திறக்கும் முன், உள்ளறையிலிருந்து மாமனாரின் முனகல் கேட்டது. அது என்ன முனகல் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து போனாள். சுதாவும் பின்னால் வந்து கதவருகில் நின்றாள்.

அமலா அவரைப் பக்கவாட்டில் புரட்டி, போர்வையால் முடிந்தவரை மறைத்து, சுத்தம் செய்து, பவுடர் போட்டு, புது டையப்பர் கட்டினாள். மூக்கை மூடப்போன சுதா, பாதியில் கையை இறக்கிக்கொண்டாள்.

"இவங்க பிரதரோட அப்பாவா? பாத்துக்க வீட்ல ஆள் இருக்குன்னு சொன்னாரே..."

"நான்தான் அந்த ஆள்" என்றாள் அமலா.

மாலை ஞானசீலன் தோளில் பொன்னாடையோடு வந்தார். அமலா எழுந்திருக்கவில்லை.

"நான் எப்போங்க ஆண்டவரை வேண்டாம்னு சொன்னேன்?"

அவர் முகம் வெளுத்தது. "யாரு வந்தா?"

"யாரு வந்தா என்ன? பதில் சொல்லுங்க."

"ஏன் சிஸ்டர் வரலன்னு எல்லாரும் கேட்டாங்க. ஒரு தடவை ஏதோ வாய்ல வந்துச்சு... அப்புறம் மாத்த முடியல."

"மாமாவைப் பாத்துக்கறான்னு சொல்ல வாய் வரலையா?"

தரையைப் பார்த்தபடி சொன்னார். "அதைச் சொன்னா, நீங்க ஏன் பாக்கலன்னு கேப்பாங்க."

"அதுக்காக என்னை ஆண்டவரை விட்டுப் போனவளாக்கிட்டீங்க. உங்கப்பாவோட மலத்தை அள்ளற கைங்க இது... இதைப் பிடிச்சுக்கிட்டு, ஆண்டவர்கிட்ட திரும்பி வான்னு ஒருத்தி கெஞ்சறா. நான் எங்க போய் முட்டிக்க?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த ஞாயிறு நான் சபைக்குப் போறேன். நீங்க வீட்ல இருங்க."

"அடுத்த வாரம் நான் பிரசங்கம் பண்ணணும்..."

"வேற ஆள் பாக்கச் சொல்லுங்க."

சொன்னபடியே போனாள். வீடிருந்த புக்கிட் மேராவிலிருந்து பஸ் பிடித்து, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பாஸ்டர் பார்த்துவிட்டார்.

"மூணு வருஷ ஜெபத்துக்கு இன்னைக்குப் பதில் கிடைச்சிருக்கு. சிஸ்டர் அமலா திரும்பி வந்திருக்காங்க."

சபையே கைதட்டியது. யாரோ ஒலிவாங்கியை அவள் கையில் கொடுத்தார்கள். அமலா எழுந்தாள்.

"நான் திரும்பி வரல, பாஸ்டர். நான் எங்கயுமே போகல. என் மாமனார் மூணு வருஷமா படுக்கையில இருக்காரு. இன்னைக்குப் பாத்துக்க அவர் மகன் வீட்ல இருக்காரு, அதான் வர முடிஞ்சுது. ஜெபக்குறிப்புல என் பேரை எடுத்துட்டு மாமா பேரைப் போடுங்க."

இப்போது யாரும் கைதட்டவில்லை. பாஸ்டர் அவசரமாக அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். முன்வரிசையிலிருந்து சுதா மட்டும் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்மாற்றக்காரி என்று அவளுக்காக அழுதவர்கள், ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஞானசீலன் நனைந்த பனியனோடு கூடத்தில் நின்றார். காலடியில் பக்கெட். தரையெல்லாம் கஞ்சி.

"அப்பாவுக்குப் புரை ஏறிடுச்சு, அமலா... மூச்சே நின்னுடும்னு பயந்துட்டேன். துணி மாத்தப் போனா, என் கையைத் தட்டி விடறாரு." பனியனில் ஒட்டிய கஞ்சியைத் துடைத்தார். "எப்படி நீ மூணு வருஷம்..." முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். "அடுத்த வாரம் சபை முன்னாடி எழுந்து மன்னிப்பு கேக்கறேன்."

"அங்க வேண்டாம். அப்பவும் எல்லாரும் உங்களுக்காகத்தான் அழுவாங்க. உள்ள போய் உங்கப்பாகிட்ட கேளுங்க."

அவர் போனார். கட்டில் பக்கத்தில் முழங்காலிட்டு, "அப்பா" என்றார். பெரியவர் மகனைத் தாண்டி, வாசலில் நின்ற அமலாவைப் பார்த்தார். அசையும் இடக்கையை உயர்த்தி அவளை அழைத்தார்.

அமலா உள்ளே போகவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்காமலே சொன்னாள்.

"அவர் மாத்தட்டும், மாமா. இனிமே ஞாயித்துக்கிழமை அவர் முறை."

பெரியவரின் கை மெல்லக் கீழே இறங்கியது. ஞானசீலன் எழுந்து ஒரு டையப்பரை எடுத்துப் பிரித்தார். எது முன்பக்கம் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒட்டற பட்டை பின்பக்கம் வரணும்" என்றாள் அமலா, வாசலில் நின்றபடியே.