திறந்தே இருக்கட்டும்

1941ஆம் ஆண்டு தை மாதம். தேனி பஜாரில் பல்பும் ஒயரும் விற்கும் ஞானசிகாமணியின் கடைக்கு வந்த கஸ்தூரியம்மாள் எதுவும் வாங்கவில்லை. மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு கடுதாசியை மேசைமேல் வைத்தாள். குமுளிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அவள் கணவன் அம்மாவாசி எழுதியது.

"கோட்டைச்சாமி கை என்னாலதான் போச்சு. நான் சுவிட்சை இழுத்தப்பத்தான் தீ வந்துச்சு. எந்த முகத்தோட வருவேன்?"

பஜாரில் என்ன சிக்கல் என்றாலும் போலீசுக்கு முன்னால் ஞானசிகாமணியிடம்தான் வருவார்கள். அவர் நிதானமாகப் படித்தார். அவருக்கு இரண்டு கண் போதாது என்று எப்போதும் கூடவே கிளம்பும் மனைவி சுகிர்தம், அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"ரெண்டு வருசமாச்சுய்யா. இன்னமும் ரெண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன். அவுக செஞ்சது தப்பான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள் கஸ்தூரியம்மாள். அவன் வேண்டும் என்பதைத் தவிர அவள் முகத்தில் வேறொன்றும் இல்லை.

நல்லகண்ணுவின் பருத்தி அரவை மில்லில் நடந்த விபத்து அது. மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் கோட்டைச்சாமி மோட்டாருக்குள் கைவிட்டிருந்தபோது கரண்டு பாய்ந்தது. ஓடி வந்தவர்கள் கண்டது, சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்தபடி தீக்கு நடுவே நின்ற, மில்லில் கரண்டு வேலை பார்த்த அம்மாவாசியை. கரண்டை விட்டவன் அவன்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

பழைய சுவிட்சு மில் கிடங்கில் கிடந்தது. அதன் செம்புத் தகட்டின் நுனி உருகி ஒழுகியிருந்தது.

"சேர்க்கும்போது சின்னப் பொறிதான் வரும். ஓடுற கரண்டை இழுத்துப் பிரிச்சா அது லேசுல விடாது. நடுவுல இருக்கிற காத்தையே கம்பியாக்கிட்டுப் பாயும். இது அந்தச் சூடு" என்றார் ஞானசிகாமணி.

அப்படியானால் அம்மாவாசி கரண்டை நிறுத்தியவன். கரண்டை விட்டது முதலாளி நல்லகண்ணுதான், வேண்டுமென்றே செய்திருப்பார் என்று சுகிர்தம் அப்போதே தீர்ப்பெழுதிவிட்டாள். அவளுக்கு எதிலும் அவசரம்.

மறுநாள் காலை கோட்டைச்சாமி உள்பட எல்லோரும் கிடங்கில் கூடினார்கள். நல்லகண்ணு மார்க்கையன்கோட்டை நெல் விவசாயி. மில் வாங்கியது பிற்பாடு. சாமான் எடுக்கப் போன அம்மாவாசி, 'சுவிட்சு திறந்தே இருக்கட்டும்' என்று சொல்லிப் போனதாகவும், அது மூடிக் கிடந்ததால் தானே திறந்து வைத்ததாகவும் சத்தியம் செய்தார்.

ஞானசிகாமணி அந்தப் பழைய சுவிட்சைப் பலகையில் நிறுத்தினார். கைப்பிடி கீழே தொங்கியது.

"முதலாளி, இதைத் திறங்க."

நல்லகண்ணு தயங்காமல் கைப்பிடியைத் தூக்கி மேலே சேர்த்தார்; கரண்டு ஓடும் நிலை அது. கோட்டைச்சாமி தன்னையறியாமல் கருகிப்போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"நீங்க மடை திறக்கிறவுக. திறந்தா தண்ணி ஓடும். அம்மாவாசி மேட்டூர்ப் பக்கம் வெள்ளைக்காரன்கிட்ட வேலை பழகினவன். அவனுக்குத் திறக்கிறதுன்னா பிரிக்கிறது, கரண்டு நிக்கும். ரெண்டு பேரும் பொய் சொல்லலை. இழுத்தப்ப வந்த தீயைப் பார்த்து, கை போனதும் தன்னாலதான்னு அவன் நினைச்சுட்டான். ஆனா அவன் அந்தத் தீயில நின்னு பிரிச்சதாலதான் கோட்டைச்சாமி உசுரோட இருக்கான்."

நல்லகண்ணு கைப்பிடியைத் தன் கையாலேயே கீழே இறக்கினார். அம்மாவாசிக்கு இன்றைக்கே கடுதாசி எழுதிப் போடுவதாகச் சொன்னார்.

"கடுதாசியை அவுக நம்ப மாட்டாக" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"அப்ப நானே போறேன். அவன் நம்புற வரைக்கும் அங்கனயே கிடக்கேன், ஆத்தா" என்றார் நல்லகண்ணு.

குமுளி பஸ் பத்து மணிக்குத்தான் என்றாள் சுகிர்தம். கஸ்தூரியம்மாள் அதற்குள் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.