விலை வைத்த இடம்

பொன் வைத்த இடம் சரியில்லை.

எப்போதும் உப்புப் பாளங்களுக்கு முன்னால்தான் வைப்பார்கள். தூசிக்குக் கண்ணை இறுக மூடி டெம்பா திறப்பதற்குள், ஓர் இலையில் ஒரு பிடி பொன்தூள் அவனுடைய இடது காலை ஒட்டி வந்து உட்கார்ந்திருந்தது. பாளங்களுக்கு முன்னால் வெறும் மணல். அதில் ஒரு காலடிகூட இல்லை.

நட்ட நடுப்பகல்தான். ஆனால் பாலையிலிருந்து நாள்கணக்காக வீசிக்கொண்டிருந்த வறண்ட காற்று ஆற்றங்கரை முழுவதையும் தூசியால் மூடி, சூரியனைச் சுண்ணாம்பு பூசிய தட்டாக வெளிற அடித்து, எதிரே நிற்பது மரமா ஆளா என்று தெரியாதபடி செய்திருந்தது. அந்த வறட்சிக்குள்ளும் எங்கிருந்தோ ஈரமண் வாடை வந்தது, புதிதாகத் தோண்டிய கிணற்றுக்குள் தலையை விட்டது போல.

இந்தக் கரையில் வியாபாரம் பேசாமல்தான் நடக்கும். உப்பை அடுக்கி, முரசு அடித்துவிட்டுக் குன்றுக்குப் பின்னால் போய்விட வேண்டும். அக்கரைக்காரர்கள் வந்து, வேண்டிய சரக்கின் பக்கத்தில் பொன் வைத்துவிட்டு மறைவார்கள். போதாது என்றால் பொன்னைத் தொடாமல் மறுபடி ஒதுங்கலாம், அவர்கள் கூட்டி வைப்பார்கள். கட்டுப்படியானால் பொன்னை எடுத்துக்கொண்டு முரசை அடிக்க வேண்டியது. அடித்துவிட்டால் சரக்கு அவர்களுடையது.

யாரும் யாரையும் பார்த்ததில்லை. பாலையைக் கடந்து வரும் ஒவ்வொரு பொதி உப்புக்கும் சுங்கம் வாங்கி, அதில் குதிரை வாங்கி, குதிரையை வைத்து ஊர் ஊராக வளைத்துப்போட்டிருந்த வகாது நாட்டு ராஜாவுக்கே பொன் கொடுப்பவர்களின் முகம் தெரியாது. பார்த்து வந்து சொல்பவனுக்கு ஓர் ஊரைத் தருவதாக அறிவித்திருந்தார். அந்த ஊர் உப்பு வியாபாரி மக்கானுக்கு வேண்டும். பார்க்கிற வேலைக்கு மட்டும் தங்கை சிராவின் புருஷன் டெம்பா.

"ஒக்காந்து தின்ன சோத்துக்கு இதையாவது செய்யேன், மாப்ள," என்றான் மக்கான் காலையில். "மூஞ்சியப் பாத்து வந்து சொல்லு. அப்புறம் சிராவக் கூட்டிக்கிட்டுத் தனிக்குடித்தனம் போ. யாரு வேணாங்கறா?"

சிரா நிறைமாதம். தன் பிள்ளை அந்த வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு பிறக்கக்கூடாது என்றுதான் டெம்பா ஒப்புக்கொண்டான். உடனே மக்கான் அவனுடைய கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு கால்களையும் ஈரத் தோல்வாரால் ஒரு பாளத்தோடு சேர்த்துக் கட்டினான். "பயந்தாங்கொள்ளி நீ. ஓடிட்டா?"

இப்போது அந்த வார் காய்ந்து எலும்பைக் கடித்தது. முடிச்சில் நகம்கூட இறங்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே ஏதோ சில்லென்றது. தொட்டுப் பார்த்தான். தூசி படிந்த ஆடுசதையில் ஒரு கோடு மட்டும் சுத்தமாக, ஈரமாக இருந்தது. உப்பு வாங்குகிறவன் பாளத்தின் ஓரத்தை இப்படித்தான் நக்கிப் பார்ப்பான். டெம்பா காலை இழுத்துப் பார்த்தான். பாளம் அசையவில்லை.

மக்கான் வந்தபோது வாழ்க்கையில் முதல்முறையாக அவனைக் கண்டு சந்தோஷப்பட்டான்.

"மச்சான், அவுத்து விடுங்க. இது மனுசங்க இல்ல."

மக்கான் பொன்னைப் பார்த்தான். பாளங்களைப் பார்த்தான். டெம்பாவின் காலைப் பார்த்தான்.

"உப்புக்கு வைக்கலியே," என்றான் மெல்ல. பிறகு சிரித்தான். "ஒன்ன எவனுமே மதிக்க மாட்டான்னுல்ல நெனச்சேன்."

"மச்சான்!"

"கொறைச்சலா இருக்கு, மாப்ள."

பொன்னைத் தொடாமல் தூசிக்குள் போய்விட்டான்.

டெம்பா கத்தினான். கத்தியது தனக்கே கேட்காதபடி காற்று இரைந்தது. ஈரமண் வாடை நெருங்கியது. கண்ணை மூடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தூசி அறைந்தது. மூடினான்.

கழுத்தில் ஈரம். அவசரமில்லாமல். காதுக்குப் பின்னால்.

திறந்தான். இலைகள். இடுப்பைச் சுற்றி, தோளை ஒட்டி, மடியில்கூட. எல்லாவற்றிலும் பொன். மற்ற உப்புப் பாளங்கள் எட்டத்தில் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. வேண்டாத சரக்கு.

மக்கான் கழுதைகளோடு வந்தான். பாளங்களை ஏற்றினான். பிறகு மண்டியிட்டு, பொன்னை ஒவ்வோர் இலையாகத் தோல்பையில் கொட்டினான். டெம்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"சிரா கேப்பா, மச்சான். புள்ளத்தாச்சி. அவகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"ஓடிப்போயிட்டான்னு சொல்றேன். நம்புவா." கையை உதறினான். "இத்தன நாளும் தண்டச்சோறுன்னு சொன்னேன். மன்னிச்சுக்க."

கழுதைகளின் குளம்புச் சத்தம் தேய்ந்தது. மக்கான் மனம் மாறிவிடலாம். அவனும் மனிதன்தானே. சத்தம் நின்றது. டெம்பா மூச்சைப் பிடித்தான்.

முரசு முழங்கியது.

காற்று நின்றுபோனது. ஒரேயடியாக.

ஈரமண் வாடை. மிக அருகில்.

கணுக்காலில் ஈரம். இரும்பாக இறுகியிருந்த தோல்வார் மெல்ல இளகியது. வாங்கிய சரக்கின் கட்டை அவிழ்ப்பது போல, பதமாக, ஏதோ ஒன்று முடிச்சை நக்கிக்கொண்டிருந்தது. வார் கழன்று விழுந்தது. கால்கள் மரத்துப்போயிருந்தன.

பார்க்கத்தான் அனுப்பியிருந்தார்கள். டெம்பா குனிந்து பார்த்தான்.

அது நிமிர்ந்தது. ராஜா கேட்ட முகம். அதில் வாய் மட்டும்தான் இருந்தது.