அனந்தன் தேடிய பச்சை

லேசர் அணைந்திருந்தது; அதன் சாவி சரளாவின் கோட்டுப் பையில் இருந்தது. ஆனாலும் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குழாயில் பச்சை தெரிந்தது.

மதியம் இரண்டு மணி. ஓசூர் ரோட்டின் ஹாரன் சத்தம் சுவர்களைத் தாண்டிச் சன்னமாகக் கேட்க, ஜன்னலே இல்லாத அந்த ஆய்வறையில் அசிட்டோன் வாடையும் ஏசியின் உறுமலும் இருட்டோடு சேர்ந்து தேங்கிக் கிடந்தன.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சினால், நல்ல படிகத்தின் பொடி அதைப் பச்சை ஒளியாக மாற்றித் தரும். சரளா நான்கு வருடம் வளர்த்த படிகம் ஒன்றுமே தரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, தவறாமல் பச்சை தரும் கேடிபி என்ற வேறு படிகத்தின் பொடியைக் குழாயில் நிரப்பி, தன் படிகத்தின் பெயரை ஒட்டினாள். பளிச்சென்று பச்சை வந்தது. ஆய்விதழில் கட்டுரையும் வந்தது.

அவளுடைய ஜூனியர் அனந்தபத்மநாபன் அதை நம்பித் தொலைத்தான். அதே படிகத்தை இரண்டு வருடம் வளர்த்தான். பச்சை வரவில்லை. பாதுகாப்புக் கண்ணாடி பச்சையையும் சேர்த்து மறைத்துவிடும் என்பதால், அதைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தான். கதிர் இரண்டு கண்களையும் சுட்டுப் பார்வையைப் பறித்துவிட்டது.

"அக்கா, உங்களுக்கு மட்டும் எப்டிக்கா வந்துச்சு?" ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட முகத்தோடு கேட்டான்.

"பொடிய இன்னும் நைஸா அரைக்கணும்டா."

அதை நினைத்தால் இன்றும் அவளுக்கு உடம்பு கூசியது.

வெளியூர் நிபுணர்கள் அந்தப் பச்சையை இன்று நேரில் பார்க்க வருகிறார்கள். பேராசிரியர் ஸ்ரீகண்டன் காலையில் அவளுடைய படிகத்தின் அசல் பொடியை நிரப்பி வைத்திருந்தார். அதைக் கொட்டிவிட்டு மறுபடி கேடிபி போடத்தான் சரளா வந்திருந்தாள். வெட்கம்கெட்டவள்தான், அவளுக்கே தெரியும்.

அந்த அசல் பொடிதான் இப்போது ஒளிர்ந்தது.

பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினாள். பச்சை மறையவில்லை. குழாயை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். குழாய் இருந்த இடத்தில் பச்சை.

சுவரைப் பார்த்தாள். சுவரில் பச்சை. இரண்டு புள்ளிகள்.

தலையைத் திருப்பினாள். புள்ளிகளும் திரும்பின.

கதவு தட்டப்பட்டது. வெளியே ஸ்ரீகண்டனின் குரல்: "சரளா, லைட் போடாதம்மா. இருட்டுலயே பாக்கட்டும்."

வராதீர்கள் என்று கத்த நினைத்தாள். ஏன் என்று கேட்பார்களே. எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே. வாய் வரவில்லை.

கதவு திறந்தது. இரண்டு புள்ளிகளும் ஸ்ரீகண்டனின் வெறும் கண்களில் போய் நின்றன.

"ஆஹா, வந்துடுச்சே!" என்று சிரித்தார். பிறகு கண்களைக் கசக்கினார். பிறகு சுவரைத் தடவினார்.

சரளா இமைகளை இறுக்கி மூடினாள். மூடிய பிறகும் அவர் முகம் தெரிந்தது. பச்சையாக.