சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டவள்

ஊர்காவற்றுறையிலிருந்து வந்த படகால் அனலைதீவில் இறங்கி, பிரியவதனி நேரே நிசாந்தினி வீட்டுக்கு நடந்தாள். இரண்டுபேரும் ஒன்றாய்ப் படித்தவர்கள். நிசாந்தினியின் புருஷன் வசீகரன், தன் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றவன், அப்படியே சரிந்து செத்துப்போய் ஒரு கிழமை.

விறாந்தை நிறையச் சனம். ஒருத்தி, அழு, அழுதால்தான் பாரம் இறங்கும் என்றாள். மற்றவள், அழாதை, அவர் நிம்மதியாய்ப் போகவேணும் என்றாள். இன்னொருத்தி தன் புருஷன் போன கதையைத் தொடங்கித் தானே விம்ம, நிசாந்தினிதான் அவளின் முதுகைத் தடவிவிட வேண்டி வந்தது. பிரியவதனிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. தன் வாயிலும் ஒரு நல்ல வார்த்தை வரவில்லையே என்பது அதைவிட எரிச்சல்.

கடைசிப் படகுக்கு நேரமாக, வந்தவர்கள் ஒவ்வொருவராய்ப் பேசாமல் எழும்பிப் போனார்கள். செத்தவீட்டில் போய்வாறன் என்று சொல்லிக்கொண்டு வெளிக்கிடக் கூடாது. எங்கடை வழக்கம் அது. பிரியவதனியும் எழும்பினாள். நிசாந்தினி அவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாரும் சொல்லாமல் போகினம். எனக்கு விசர் வருது. நீயாவது சொல்லிப்போட்டுப் போ.”

பாவமாய் இருந்தது.

“போட்டுவாறன்,” என்றாள்.

உள்ளறையில் ஓர் இருமல்.

“ஓம், வாரும்.”

வசீகரனின் குரல். அந்த அறையில் அவன் படமும் விளக்கும் மட்டும்தான் இருந்தன. நிசாந்தினிக்கு அது கேட்டதாய்த் தெரியவில்லை.

அதன் பிறகு, ஊர்காவற்றுறையில் பொழுதுபட்டால், பிரியவதனி வீட்டு வாசல் படலையடியில் ஈரப் புகையிலை மணக்கும். படலை மெல்ல அசையும். ஆரும் உள்ளே வருவதில்லை.

நிற்கும். அவ்வளவுதான்.

“நான் வந்து என்னத்தைச் செய்யிறது?” என்று அவள் இருட்டைப் பார்த்து ஏசுவாள். “செத்த ஆளை எழுப்ப என்னாலை ஏலுமோ?”

மணம் போகாது.

ஒருநாள் அது படலையடியில் இல்லை.

குசினிக்குள், அடுப்படியில் நின்றது.

விடிந்ததும் படகேறினாள்.

வாடகைக் கதிரைகளைக் கொண்டுபோயிருந்தார்கள்; ஆறுதல் சொன்ன சனமும் அவற்றோடு போய்விட்டது. நிசாந்தினி வெறும் நிலத்தில் கிடந்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. கடைசியாய் எப்போது சாப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கொஞ்சம் பிந்தியிருந்தால் அங்கே இன்னொரு செத்தவீடு.

பிரியவதனி கஞ்சி காய்ச்சினாள். சிக்குப் பிடித்த தலையைச் சீப்பால் மெல்ல இழுத்துவிட்டாள். பிறகு பக்கத்தில் இருந்தாள். நிசாந்தினி நாலு வாய் குடித்தபின் அழத் தொடங்கினாள். அழு என்றும் பிரியவதனி சொல்லவில்லை, அழாதை என்றும் சொல்லவில்லை.

படகுக்கு நேரமாயிற்று. இந்தமுறை பேசாமல் இறங்கிப் போனால் அந்த மணம் தன்னை விட்டுப்போகும் என்று அவளின் உள்மனம் சொன்னது. வாசலில் கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நிசாந்தினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

“போட்டுவாறன்.”

“ஓம்,” என்றாள் நிசாந்தினி.

உள்ளறையில் இருமல் இல்லை. பிரியவதனி வெளியே ஒழுங்கையில் இறங்கி, படலையைச் சாத்தத் திரும்பினாள்.

சாத்தியிருந்தது.

உள்பக்கக் கொழுக்கி மாட்டியிருந்தது. அதிலிருந்து ஈரப் புகையிலை மணத்தோடு தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.