தீர்ப்பு மட்டும் இல்லாத கட்டு

திங்கட்கிழமை, காலை 10.40.

ராஜபாளையத்தில், கோர்ட்டின் ரெக்கார்டு ரூமில், எழுத்தர் பெருந்தேவி ஒரு பழைய வழக்குக் கட்டை எடுத்துத் தாள்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"பதினேழுக்குப் பொறவு இருபத்திநாலு வருது. நடுவுல ஆறு தாளைக் காணோம்."

காணாமல் போன ஆறு தாளும் தீர்ப்பு. தொண்ணூற்றொன்றில் முடிந்த வழக்கு. மனு இருந்தது, சாட்சிகளின் வாக்குமூலம் இருந்தது, பத்துப் பைசா பெறாத வாய்தா மனுக்கள்கூடப் பத்திரமாக இருந்தன. எதற்காக அத்தனை பேர் அத்தனை வருஷம் அலைந்தார்களோ, அது மட்டும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே நின்ற குருவம்மாள் அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. சோழபுரத்தில் அவளுக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. அது வெளியே வர ஒரே ஒரு வண்டிப்பாதை. அந்தப் பாதையை அவள் மாமனார் தங்கச்சாமி, பக்கத்துத் தோட்டக்காரர் போட்ட இந்த வழக்கில்தான் ஜெயித்தார். வீட்டிலிருந்த தீர்ப்பு நகலைக் கரையான் தின்றுவிட்டது என்ற சேதி பக்கத்துத் தோட்டத்துச் சீனிச்சாமியின் காதில் விழுந்ததுதான் தாமதம், ஜேசிபியைக் கொண்டுவந்து பாதையின் குறுக்கே பள்ளம் பறித்துவிட்டார். பாதையைத் திறக்கச் சொல்லி அவள் போட்ட புது வழக்குக்கு வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை. அன்றைக்குத் தீர்ப்பின் நகலைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், சனிக்கிழமை வரும் ஆலை லாரி வெறும் லாரியாகத் திரும்பும். கரும்பு நின்ற இடத்திலேயே காயும்.

"நாலு மாசமா அலையுதேன். இன்னிக்கு வா, நாளைக்கு வான்னு சொன்னாக, வந்தேன். இப்பம் தாளே இல்லைன்னா நான் போயிருவேன்னு நெனைச்சாகளா? போமாட்டேன்."

"எம் மேலதான் பழி வரும்," என்றார் பெருந்தேவி. அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது.

சம்மன் வாங்க வந்திருந்த ஏட்டு கிருபாபாய் இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றார். பதினோரு வருஷமாகக் கோர்ட்டு டூட்டி. ஸ்டேஷனில் அவருக்குக் 'காயிதம் தூக்குற ஏட்டம்மா' என்று பெயர். ஆனால் தூக்குகிற காகிதத்தை எல்லாம் படித்துவிடுகிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு. கேலி செய்தவர்களுக்கு அது தெரியாது.

"கட்டைக் காட்டுங்க மேடம்."

கிருபாபாய் தாள்களைப் படிக்கவில்லை. இடது மேல் மூலையைத்தான் பார்த்தார். எல்லாத் தாளும் அங்கேதான் குத்தூசியால் ஓட்டை போட்டு நூலால் தைக்கப்பட்டிருந்தது. கிழித்த தாளின் துணுக்கு ஒன்றுகூட நூலில் ஒட்டியிருக்கவில்லை. தையல் இறுக்கமாக இருந்தது. தாள் பழுப்பு, நூல் வெள்ளை, நடுவில் ஒரு நீலப் புரி.

"இந்த நீலநூலு இங்க உள்ளதா?"

"இல்ல. நாங்க ஒத்த வெள்ளை நூல்தான்."

"குருவம்மா, இப்ப நடக்கிற கேசோட காயிதம் வச்சிருக்கியா?"

ஒயர்கூடையிலிருந்து அவள் ஒரு மனு நகலை எடுத்துக் கொடுத்தாள். வக்கீல் ஆபீசில் மூலையில் தைத்துக் கொடுத்த கட்டு. கிருபாபாய் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

காலை 11.20.

பார்வையிட வந்தவர்களின் பதிவேட்டில் இந்தக் கட்டுக்கு இந்த வருஷம் இரண்டே வரி. போன மாதம் நான்காம் தேதி, குருவம்மாளுக்காக அவளுடைய வக்கீலின் குமாஸ்தா நம்பி. பதினோராம் தேதி, எதிர்த்தரப்பு வக்கீல் கௌதம்ராஜ், கூடவே சீனிச்சாமி.

"வேற என்ன வேணும்? கடைசியா பாத்தது அவியதானே!" என்றாள் குருவம்மாள். பெருந்தேவியும் தலையாட்டினார். வராந்தாவில் நின்ற ஆறேழு பேருக்கும் அதே தீர்ப்புதான்.

காலை 11.45.

கௌதம்ராஜ் இளைஞர். மேஜை மேல் லேப்டாப், பக்கத்தில் ஸ்டேப்ளர்.

"பதினொண்ணாம் தேதி தீர்ப்பைப் பார்த்தீங்களா சார்?"

"பார்க்கல. கட்டுல இல்ல."

"இல்லைன்னு ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"எங்க கட்சிக்காரருக்கு அது நல்லதுதானே? நான் ஏன் சொல்லணும்?"

"கட்டைத் தைக்க ஊசி நூலு வச்சிருக்கீங்களா?"

"ஊசியா? சட்டைப் பொத்தானே கடையில குடுத்துத்தான் தைக்கேன். எங்களுக்கு எல்லாம் இதுதான்." ஸ்டேப்ளரை ஒருமுறை அடித்துக் காட்டினார்.

பகல் 12.30.

சீனிச்சாமி டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கட்டைப் பார்க்க நீங்க எதுக்குப் போனீங்க மொதலாளி?"

"சும்மா. எங்க அய்யா போட்ட கேசு. பாக்கக்கூடாதா?"

"தோத்த கேசாச்சே."

"எங்க அய்யா தோல்வியை ஒத்துக்கிட்ட மனுசன் இல்ல. அந்தத் தீர்ப்புக்குப் பொறவும் ரெண்டு வருசம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடையா நடந்தாரு, அங்கயும் ஒண்ணும் ஆகல. இன்னைக்கு அந்தத் தீர்ப்பே இல்லைங்காக. எம்புட்டு வேடிக்கை!"

பகல் 1.15.

குமாஸ்தா நம்பி முப்பது வருஷ அனுபவசாலி. கிருபாபாய் போனபோது ஒரு மனுவைத் தைத்துக்கொண்டிருந்தார். குத்தூசி ஏறி இறங்கியது, பேச்சும் நிற்கவில்லை.

"அந்தச் சீனிச்சாமி பாவி செஞ்ச வேலைதான் ஏட்டம்மா. பாவம் குருவம்மா. எனக்குச் சோறு எறங்கல."

"நாலாம் தேதி நீங்க பாக்கும்போது தீர்ப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சே! ஆறு தாளு. கண்ணால பாத்தேன்."

"வீட்டுல அக்கா நல்லா இருக்காங்களா? இன்னும் பேண்டேஜ் துணி நெய்யிற தறிக்குத்தான் போறாங்களா?"

"ஆமா, போறா," என்றார் நம்பி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

மாலை 4.00. ரெக்கார்டு ரூம் வாசல்.

எல்லோரும் வந்திருந்தார்கள். கிருபாபாய் இரண்டு கட்டுகளை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

"கடைசியா பாத்தவன்தான் திருடன்னு எல்லாரும் சொல்லுதீக. நான் கேக்குறது வேற. திருடினவன் எதுக்குத் திரும்பத் தைச்சான்? மொதலாளி மாதிரி தோட்டத்துல வேலை செய்யுதவரு உருவி எடுத்தா மூலை கிழியும். ஸ்டேப்ளர் வக்கீலுக்குத் தைக்கவே தெரியாது. தெறந்து கெடக்கிற கட்டைப் பாத்தா ஒரு ஆளுக்குத்தான் கை சும்மா இருக்காது. நூலை அறுத்தாரு, தாளை எடுத்தாரு, பழைய ஓட்டையிலேயே ஊசியை விட்டு அழகா தைச்சு வச்சுட்டாரு. பழக்கதோசம்."

கிருபாபாய் முதல் கட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது தாளு காணாமப்போன கட்டு. இது நம்பி அண்ணன் குருவம்மாவுக்குத் தைச்சுக் குடுத்தது. ரெண்டுலயும் ஒரே நீலப்புரி நூலு. பேண்டேஜ் துணிக்கு ஓரத்துல நீலம் ஓடுதுல்ல, அக்கா வேலை பாக்குற அந்தத் தறியில மிச்சமாகிற நூலு. ரெண்டுலயும் முடிச்சு பின்பக்கம், இடது பக்கமாச் சாஞ்சு. வக்கீல் கௌதம்ராஜ் சொன்னது நெசம். பதினொண்ணாம் தேதி தாளு இல்ல. சீனிச்சாமி மொதலாளி எடுக்க வரல. சொன்ன வேலை முடிஞ்சிருச்சான்னு பாக்க வந்தாரு."

நம்பி கவிழ்ந்து கிடந்த கட்டுகளையே பார்த்தார். "மொதலாளி சேத்தூர் ரோட்டுல ஒரு வீட்டுமனை தாரேன்னாரு... முப்பது வருசமா வாடகை வீடும்மா."

குருவம்மாள் அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள். "ஒங்களை அண்ணன்னு கூப்பிட்டனே. எம் பாதையை வித்துத்தான் நீரு வீடு கட்டணுமா?" அவள் அங்கிருந்து நகரவில்லை.

சீனிச்சாமி சிரித்தார். "சரி, குமாஸ்தாவைப் புடிச்சிட்டீக. என்னையும் புடிச்சுக்கோங்க, நாளைக்கே ஜாமீன்ல வாரேன். தாளு எங்க? என் வீட்டு வெந்நி அடுப்புல சாம்பலாப் போச்சு. வெள்ளிக்கெழமை எதைக் காட்டுவீக?"

கிருபாபாய் அவரைப் பார்த்துத் திரும்பினார்.

"ஒங்க அய்யா ரெண்டு வருசம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தாருன்னீங்களே. ஆண்டாளைச் சேவிக்கவா? வழக்கு நடந்தது இந்த ஊர்ல. தோத்தவரு அங்க போனா அப்பீலுக்குத்தான். அப்பீல் மனுவோட தீர்ப்பு நகலைச் சேர்த்துக் குடுக்காம எந்தக் கோர்ட்டும் அதை வாங்காது. முத்திரை வச்ச நகல் அங்க அப்பீல் கட்டுல இருக்கணும்."

சிரிப்பு நின்றது. குமாஸ்தாவும் முதலாளியும் ஒரு கோர்ட்டை மட்டுமே நினைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, காலை 10.05. ஸ்ரீவில்லிபுத்தூர்.

நகல் பிரிவு ஜன்னலில் குருவம்மாள் தானே மனுப் போட்டாள். ஜன்னலுக்குள் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"வக்கீல் குமாஸ்தா யாரும் வரலையாம்மா?"

"குமாஸ்தா வச்சுப் பாத்தாச்சு சார். எங்க மாமனாரு கேசு. நான் கேட்டா குடுக்கணும்லா?"

"குடுக்கணும். அவசர மனுன்னு எழுதிக் குடுங்க. ஆனா நேரமாகும்."

"ஆகட்டும். இங்கனயே இருக்கேன்."

இருந்தாள். செவ்வாய் இருந்தாள், புதன் இருந்தாள். வீட்டிலிருந்து கட்டிவந்த புளிச்சோற்றை வேப்பமரத்தடியில் தின்றாள். கடைசி பஸ்ஸில் சோழபுரம் போய், முதல் பஸ்ஸில் திரும்பி வந்தாள். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஒவ்வொரு பட்டியலையும் விரல் வைத்துப் படித்தாள். அவள் மனு எண் வந்த பட்டியலை ஜன்னல்காரருக்கு முன்னால் அவளே பார்த்துவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை 5.20-க்கு ஆறு தாள் அவள் கைக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை, பகல் 12.10.

நீதிபதி ஆறு தாளையும் வாசித்தார். பள்ளத்தை அன்றே மூடிப் பாதையைத் திறந்துவிட உத்தரவு போட்டார். ஜாமீனில் வந்திருந்த சீனிச்சாமி வராந்தாவில் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். குருவம்மாள் சுற்றிப் போகவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"மொதலாளி, இந்த நகலை ஒங்க அய்யாதான் கோர்ட்டுல மனுப் போட்டு வாங்கி வச்சிருந்தாரு. நீங்க எரிச்சது ஒண்ணு, அவரு எனக்குன்னு காப்பாத்தி வச்சது ஒண்ணு. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு லாரி வருது. ஜேசிபி ஒங்ககிட்டதான இருக்கு? பொழுது சாயுறதுக்குள்ள மூடிருங்க. நான் அங்கன நின்னு பாத்துக்கிடுதேன்."