துடைக்காத பொட்டு

காலையில் மிருதுளா வாசல் கதவில் வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும் மாலை ஆகியும் காயவில்லை. தொட்டால் ஐஸ் மாதிரி சில்லென்றிருந்தது. மாடி வீட்டுக் குக்கர் விசில், முடிச்சூர்த் தெருவில் ரிவர்ஸ் எடுக்கும் தண்ணீர் லாரியின் சத்தம், யார் வீட்டிலோ தாளித்த வாசனை, எல்லாம் எப்போதும் போல இருக்க, நடுவே எங்கிருந்தோ உப்புத் தண்ணீர் வாடை மட்டும் மெல்ல மெல்லக் கசிந்து வந்துகொண்டிருந்தது.

அவள் புருஷன் ஷ்யாம்சுந்தர் அந்நேரம் வங்கக் கடலுக்கடியில், ஆழ்கடலை ஆராய இறக்கிய ஓர் உலோக உருண்டைக்குள் இரண்டு பேரோடு உட்கார்ந்திருந்தான். அந்த உருண்டையின் மூடி உட்காரும் விளிம்பைப் பட்டறையில் துடைத்துத் தருவதுதான் மிருதுளாவின் வேலை. ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் மூடி சரியாகப் படியாது, கடல் உள்ளே புகுந்துவிடும்.

உருண்டையை இறக்கிவிட்டு மேலே நின்ற கப்பலிலிருந்து, பட்டறையில் அவளோடு வேலை செய்யும் ஜெயவேலு போனில் கூப்பிட்டான்.

“அக்கா, பதறாதீங்க. அடிக்குப் போய்ட்டாங்க. பேச்சுதான் கேக்கல. சார் சும்மா தட்டிக்கினே கீறாரு, தண்ணிக்குள்ள வுட்ட மைக்ல கேக்குது.”

“எப்படித் தட்றார்?”

“ரெண்டு ரெண்டா. பட்டறைல மூடி போட்டதும் உள்ளேர்ந்து தட்டுவாரே, நீங்க வெளிய நின்னு திருப்பித் தட்டுவீங்களே, அதே மாதிரிக்கா. ஜோக் அடிக்கிறாரோ இன்னாவோ!”

ஆயுதபூஜை அன்று, “மிருது, என் வீட்டு வாசலுக்கும் ஒரு பொட்டு வை” என்று உருண்டையைக் காட்டி ஷ்யாம்சுந்தர்தான் சிரித்தான். அந்த விளிம்பில் வைத்தாள். மறுநாள் துணியோடு போய் நின்றவளுக்குக் கை வரவில்லை. புருஷன் நுழையப் போகிற வாசலில் குங்குமத்தை எந்தப் பெண்டாட்டி அழிப்பாள்? சுற்றிலும் துடைத்தாள். பொட்டை விட்டுவிட்டாள்.

“மேல வரச் சொல்லு, ஜெயவேலு! இப்பவே!”

“சொல்லிட்டோம்க்கா. பதிலே...”

லைன் போனது.

டக். டக்.

வாசல் கதவு.

கதவின் லென்ஸில் கண்ணை வைத்தாள். வராந்தா இல்லை. மாலை வெயில் இல்லை. கறுப்பு. அசையும் கறுப்பு.

பொட்டின் நடுவிலிருந்து, ஊசியை விட மெல்லியதாக, ஒரு நீர்க் கம்பி பீறிட்டது. கட்டை விரலை வைத்து அழுத்தினாள். எலும்பு வரை குளிர்.

டக். டக்.

இடது கையால் திருப்பித் தட்டினாள். இரண்டு முறை.

சத்தம் நின்றது.

விரலை எடுத்தால் பொட்டு அழிந்துவிடும். எடுக்கவில்லை. ஆனாலும் குங்குமம் கரைந்து, சிவப்பாக அவள் மணிக்கட்டு வழியே இறங்கியது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, அதே இடத்தில், இன்னொரு விரல் அழுத்திக்கொண்டிருந்தது.